கைச்சாய நூலும் கோடைக்காலப் பின்னலும்: கொங்கு நாட்டுப் பார்வை

பின்னல் என்றவுடன் நம்மில் பலருக்கு ஊட்டிக் குளிரும் கம்பளி ஸ்வெட்டரும்தான் நினைவுக்கு வரும். மார்ச் மாதமே வெயில் கொளுத்தத் தொடங்கும் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பகுதிகளில் கோடையில் பின்னல் எதற்கு என்ற கேள்வி எழுவதும் இயல்பே. ஆனால் கொங்கு நாட்டில் நாம் அன்றாடம் உடுத்தும் பனியனும் டி-ஷர்ட்டும் பின்னல் துணிகளே. அவற்றைப் 'பின்னலாடை' என்று அழைப்பதற்குக் காரணமும் அதுதான். கையால் சாயமிட்ட பருத்தி நூலைக் கொண்டு கோடையில் பின்னுவது எப்படி, அந்தச் சாயத் தொட்டியின் தண்ணீர் எங்கே போகிறது என்ற இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது. இரண்டாவது கேள்வி நொய்யல் ஆற்றின் கதையோடு சேர்ந்தது. அதனால் அதற்குச் சற்று அதிக இடம் தேவைப்படும்.

நெசவும் பின்னலும்

நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே போகும் ஊடை நூலும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. வேட்டி, சேலை, பவானி ஜமக்காளம், சென்னிமலைப் படுக்கை விரிப்பு எல்லாம் நெசவு. பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒவ்வொரு கண்ணியும் முந்தைய வரிசைக் கண்ணியின் வழியாக நுழைந்து வருகிறது. கண்ணிக்கு விரிந்து சுருங்க இடம் இருப்பதால் பனியன் உடலோடு ஒட்டி நீள்கிறது. வேட்டி அப்படி நீளாது.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கப் பழைய பனியன் ஒன்று போதும். அதன் வெளிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சிறுசிறு 'வி' எழுத்துகள் மேலிருந்து கீழாக அடுக்கிய மாதிரி தெரியும். உட்பக்கத்தைத் திருப்பினால் பிறை வடிவ வளைவுகள் தெரியும். இரண்டு ஊசிகளால் கையில் பின்னுபவர் நேர்ப்பக்கத்தில் 'நிட்' கண்ணியும் மறுபக்கத்தில் 'பர்ல்' கண்ணியும் மாறி மாறிப் போடும்போது கிடைப்பதும் இதே துணிதான். ஊசியும் நூலும் பருமனானவை என்பதால் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. வெட்டிய பனியன் துணியின் ஓரம் தானாகச் சுருண்டு கொள்வதும், ஒரு கண்ணி அறுந்தால் ஏணிப்படி போலக் கீழே இறங்கிக்கொண்டே போவதும் கைப்பின்னலிலும் உண்டு.

கையால் பின்னும் வேலையை இயந்திரத்திற்கு மாற்றியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ. 1589-இல் காலுறை பின்னும் சட்டத்தை அவர் உருவாக்கினார். கொங்கு நாட்டில் முதலில் வந்தது நூற்பாலை. ஸ்டேன்ஸ் மில் என்று மக்கள் அழைத்த கோயம்புத்தூர் ஆலை 1888-இல் தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. நூல் அருகிலேயே கிடைத்ததால் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் வேரூன்றின.

சிட்டா நூல், கோன் நூல், நூல் எண்

ஆலையிலிருந்து நூல் இரண்டு வடிவங்களில் வருகிறது. கூம்பில் சுற்றியது கோன் நூல். இது இயந்திரங்களுக்கு. வளையமாகச் சுற்றித் தளர்வாகக் கட்டியது சிட்டா நூல். கைத்தறிக்கு இது கட்டாயம் தேவை என்பதால், நூற்பாலைகள் தம் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டாவாகவே தரவேண்டும் என்று மத்திய அரசின் ஆணையே இருக்கிறது. கையால் சாயமிட ஏற்றதும் சிட்டாதான். கோனை அப்படியே சாயத்தில் முக்கினால் மேல்சுற்று நிறம் பிடிக்கும், உள்ளே வெள்ளையாகவே இருக்கும்.

நூலின் பருமனை 'கவுண்ட்' என்னும் எண்ணால் குறிப்பிடுவார்கள். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுவே அந்த எண். 10-ஆம் எண் நூல் ஒரு பவுண்டில் 8,400 கஜம் இருக்கும். 40-ஆம் எண் என்றால் 33,600 கஜம். எண் கூடக்கூட நூல் மெலியும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 60-ஆம் எண் நூல் வாங்கி வந்து, தலைமுடி போல இருக்கிறதே என்று விழிப்பவர்கள் இன்றும் உண்டு.

கைப்பின்னலுக்கு ஒற்றை இழை போதாது. 10-ஆம் எண் நூலை எட்டு இழை சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்குச் சுமார் 210 மீட்டர் வரும். 4 மில்லிமீட்டர் ஊசிக்கு இது பொருத்தமான பருமன். 20-ஆம் எண் நூல் எட்டு இழை என்றால் அதே எடைக்கு இரு மடங்கு நீளம் கிடைக்கும், ஊசியும் மெலிந்ததாக வேண்டும்.

சாயம் எப்படிப் பிடிக்கிறது

சாயமிடுதல் என்பது நிறம் பூசுவது அன்று. நிறத்தின் மூலக்கூறு நூலின் உள்ளே புகுந்து அங்கேயே தங்கவேண்டும். தங்கும் விதத்தைப் பொறுத்துச் சாயங்கள் வேறுபடுகின்றன.

ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சளிலிருந்து தொடங்குவதே எளிது. மஞ்சள் பருத்தியில் உடனே ஒட்டும், கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தால் வெளிறிவிடும். சலவைச் சோப்பு பட்டால் செம்பழுப்பாக மாறும். ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் தாளைக் காரங்காட்டியாகப் பயன்படுத்துவது இதே குணத்தால்தான். ஆக, வீட்டுச் சாயத்தில் மிக எளிதாகக் கிடைப்பது மிகக் குறைவாக நிலைப்பது. மாதுளைத் தோல், வெங்காயத் தோல் போன்றவை, நூலை முன்கூட்டியே கடுக்காயிலும் படிகாரத்திலும் ஊறவைத்தால் ஓரளவு நன்றாக நிற்கும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் நூலுக்கும் நிறத்துக்கும் இடையே கொக்கியாக நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது.

அவுரி தனி வகை. அதன் நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் ஆக்சிஜன் நீங்கும்படி செய்தால் அது கரையும் வடிவத்திற்கு மாறி மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். அதில் முக்கிய நூலை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே பச்சை மறைந்து நீலம் ஏறும். வேதியியல் வகுப்பில் ஆக்சிஜனேற்றத்தை விளக்க இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது.

இன்று சாயப்பட்டறைகளில் பருத்திக்குப் பெரும்பாலும் பயன்படுவது வினைபடு சாயம். 1950களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான இச்சாயம், காரம் சேர்ந்தவுடன் பருத்தியின் செல்லுலோசுடன் வேதிப்பிணைப்பு கொண்டுவிடும். அதனால் துவைத்தாலும் போகாது. இதில் மூன்று பொருள்கள் வேலை செய்கின்றன: சாயம், உப்பு, சலவைச் சோடா. உப்பு சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளும். சோடா பிணைப்பை நிகழ்த்தும். சமையல் சோடா இதற்கு உதவாது, அதன் காரத்தன்மை போதாது. நூலோடு சேராத சாயத்தின் ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். அதை முழுவதும் அலசி எடுக்காவிட்டால் பின்னிய துணி முதல் சலவையிலேயே நிறம் கக்கும்.

நானும் இதில் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். அவசரத்தில் இரண்டு அலசலோடு நிறுத்திய சிவப்பு நூலில் பேரக்குழந்தைக்குத் தொப்பி பின்னினேன். சித்திரை வெயிலில் வியர்த்தபோது குழந்தையின் நெற்றியெல்லாம் இளஞ்சிவப்பு. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மருமகள் அந்தத் தொப்பியை அதன்பின் எடுக்கவே இல்லை. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாமல் அலசவேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கோடை ஏன் ஏற்ற பருவம்

குளிர்நிலை வினைபடு சாயங்களுக்கு 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்த் தாழ்வாரமே அந்த வெப்பத்தில் இருக்கிறது. அடுப்பு வேண்டியதில்லை. நூலும் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

ஆனால் அதே வெப்பம் இரண்டு சிக்கல்களையும் தரும். சோடா கலந்த சாயக் கரைசல் கோடையில் வேகமாகக் கெடும். காலையில் கலந்ததை மாலைக்கு வைத்தால் நிறம் பாதிகூடப் பிடிக்காது. இரண்டாவது, சிட்டத்தைச் சுள்ளென்ற வெயிலில் தொங்கவிட்டால், வெளிப்பக்கம் முதலில் காயும்போது உள்ளே உள்ள ஈரம் சேராத சாயத்தையும் இழுத்துக்கொண்டு அங்கே வரும். ஓரம் அடர்ந்தும் உள்ளே வெளிறியும் போகும். அதனால்தான் சிட்டத்தைக் கொடியில் போட்டு அடிக்கடி திருப்பி விடுகிறார்கள். வீட்டில் செய்பவர்கள் நிழலில் உலர்த்துவது நல்லது.

இன்னொன்று. சாயத் தூளை அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் வினைபடு சாயத் தூள் மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமா போன்ற தொல்லையும் வரும். முகக்கவசமும் கையுறையும் வேண்டும். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

உப்பின் கணக்கு

வழக்கமான தொட்டி முறையில் ஒரு கிலோ நூலுக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் எடுப்பார்கள். லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒரு கிலோ உப்பு. நூலின் எடைக்குச் சமமான உப்பு. சாயத்தில் ஒரு பகுதியாவது நூலோடு போகிறது. உப்போ நூலில் தங்குவதே இல்லை. ஒரு கிலோ போட்டால் ஒரு கிலோவும் கழிவுநீரில் வெளியே வரும்.

வீட்டளவில் 100 கிராம் நூல் என்றால் 2 லிட்டர் தண்ணீரும் 100 கிராம் உப்பும். அந்தக் கரைசலில் லிட்டருக்கு 50,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. அலசிய 20 லிட்டர் தண்ணீரையும் சேர்த்துக் கலந்தாலும் லிட்டருக்கு ஏறக்குறைய 4,500 மில்லிகிராம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒரு தொப்பிக்கும் ஒரு பைக்குமான நூலின் கணக்கு இது. ஓர் ஊர் முழுவதும் நாள்தோறும் டன் கணக்கில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிட்டோம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. கோடையில் மேலிருந்து வரும் நீர் ஏறக்குறைய நின்றுபோகும். அந்த நாள்களில் சாயக்கழிவு கலந்தால் அதை நீர்க்கச் செய்ய நல்ல தண்ணீரே இருக்காது. கீழே சென்னிமலைக்கு அருகில், பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது பெரும்பாலும் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவாக ஆனது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. வயல்கள் பாழாயின. பாசனத்துக்கு என்று கட்டிய அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

ஆற்றில் ஓடிய வண்ணத்தைத்தான் செய்திப் படங்கள் காட்டின. மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு உண்டு. நிறத்தை நீக்கும் சுத்திகரிப்பு முறைகள் எளிதானவை. கரைந்த உப்பை அவை நீக்குவதில்லை. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியிருக்கிறது.

விவசாயிகள் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றதால் பின்னல், தையல், பிசிர் வெட்டுதல் வரை எல்லாமே தடுமாறின. தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீட்டில் தங்கியிருந்த குடும்பங்கள் பல ஊர் திரும்பின. விவசாயியின் கிணறும் தொழிலாளியின் கூலியும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட காலம் அது. இரு தரப்பிலும் ஏழைகளே அதிகம் இழந்தார்கள் என்பது என் கருத்து.

பிறகு 'பூஜ்ய வெளியேற்றம்' என்ற முறையில் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. கழிவுநீரைச் சவ்வூடு அழுத்தி நல்ல நீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்வது, எஞ்சிய அடர்நீரைக் கொதிக்கவைத்து உப்பை மீட்பது என்பதே இம்முறை. செலவும் மின்சாரமும் அதிகம். மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆனாலும் ஆற்றில் விடாமல் சாயமிட முடியும் என்று திருப்பூர் காட்டியிருக்கிறது.

உப்பில்லாமல் வீட்டில் சாயமிடும் முறை

கோடையின் வெப்பத்தைப் பயன்படுத்தி உப்பைத் தவிர்க்கலாம். ஆலைகளில் துணிக்குச் செய்யும் குளிர் ஊறல் முறையின் சிறு வடிவம் இது.

100 கிராம் சிட்டா நூலை நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். சோப்பும் சிறிது சோடாவும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசினால் பஞ்சின் இயற்கை மெழுகு நீங்கும். இதைச் செய்யாத நூல் தண்ணீரையே குடிக்காது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 40 கிராம் சலவைச் சோடா கரைத்து, நூலை அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாகப் பிழியுங்கள். மிஞ்சிய சோடாக் கரைசலை மூடிவைத்து அடுத்த சிட்டத்துக்கு எடுக்கலாம். 2 கிராம் குளிர்நிலை வினைபடு சாயத்தை 150 மில்லி தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் தாளில் பரப்பிய நூலின் மேல் ஊற்றி, கையுறை அணிந்த கையால் அழுத்தி உள்ளே இறக்குங்கள். இரண்டு மூன்று நிறங்களைப் பக்கம் பக்கமாக ஊற்றலாம். சந்திக்கும் இடத்தில் அவை கலந்து புது நிறம் வரும். தாளைச் சுருட்டி மூடி, தாழ்வாரத்தில் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் அலசுங்கள்.

கொங்குப் பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் கடினமானது. சுண்ணாம்புச் சத்து சாயத்தையும் சோடாவையும் கெடுக்கும். கரைசலுக்கு மட்டுமாவது சிறுவாணித் தண்ணீரோ, பிடித்துவைத்த மழைநீரோ எடுங்கள். அலசிய முதல் இரண்டு வாளித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம். அகன்ற தட்டில் மொட்டைமாடி வெயிலில் வைத்து வற்றவிடலாம். அடியில் படியும் வெண்படலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சாயமே போடாமலும் வண்ண நூல் உண்டு. பனியன் கம்பெனிகளின் வண்ண வெட்டுத் துணிகளை மறுபடி பஞ்சாக்கி நூற்கும் ஓ.இ. மில்கள் கொங்குப் பகுதியில் இருக்கின்றன. பழைய நிறமே புது நூலில் வந்துவிடும். கொஞ்சம் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். பைக்கும் கால்மிதிக்கும் அதுவே தாராளம்.

பின்னும்போது

பருத்தி கம்பளி போல மீள்வதில்லை. கம்பளி நூல் கையின் இழுப்புக்கு விட்டுக்கொடுக்கும், பருத்தி கொடுக்காது. அதனால் விரல் சீக்கிரம் வலிக்கும். வழக்கமாக எடுப்பதைவிட ஓர் அளவு மெலிந்த ஊசி எடுத்தால் கண்ணிகள் தளராமல் இருக்கும். வியர்த்த கையில் உலோக ஊசி பிசுக்கென்று ஒட்டும். மூங்கில் ஊசி வியர்வையை ஓரளவு உறிஞ்சும். மடியில் கிடக்கும் வேலை பெரிதானால் புழுக்கமும் கூடும் என்பதால், கோடைக்குக் கைத்துண்டு, சந்தைப் பை, குழந்தைத் தொப்பி போன்ற சிறியவற்றையே நான் எடுப்பேன்.

முதலில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். பருத்தி நீளவாக்கில் சுருங்கும். வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து அதை ஊறவைத்தால் சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஈரமான பின்னலைக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டுவிடும். பாயில் பரப்பி, அளவுக்கு இழுத்து வைத்து, நிழலில் உலர்த்தவேண்டும். மே மாதத்தில் காலையில் பரப்பினால் மாலைக்குள் எடுத்து மடித்துவிடலாம்.